ஏழாம் வகுப்பில் விண்மீன் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நடுநிலைப்பள்ளி ஆசிரியை, தஞ்சை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். கிராமத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் விண்மீன்களைப் பற்றிய பாடத்தைத் தொடங்க வேண்டும். வகுப்பில் 31 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பாடவேளை 45 நிமிடம்.

சென்ற ஆண்டு இந்தப் பாடத்தை வரையறையிலிருந்து தொடங்கினேன். "தாமாக ஒளிரும் வான்பொருள்கள் விண்மீன்கள்" என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். தேர்விலும் பெரும்பாலோர் அதைப் பிழையின்றி எழுதினார்கள். ஆனால் அதே தேர்வில் "சூரியன் விண்மீனா, கோளா?" என்று கேட்டிருந்ததற்குப் பலர் கோள் என்று எழுதியிருந்தார்கள். ஏன் அப்படி எழுதினாய் என்று ஒரு மாணவியை அழைத்துக் கேட்டேன். "விண்மீன் ராத்திரியில்தானே டீச்சர் வரும், சூரியன் பகலில் வருகிறதே" என்றாள். தான் கண்ணால் கண்டதை வைத்து அவள் ஒழுங்காகவே யோசித்திருக்கிறாள். நான் எழுதிப்போட்ட வரையறைதான் அவள் கண்டதோடு எந்த இடத்திலும் ஒட்டவில்லை. அந்தப் பதில் ஓராண்டாக என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே இந்த முறை முதல் பாடவேளையை வேறு விதமாக நடத்த விரும்புகிறேன். பள்ளியில் திரையிட்டுக் காணொளி காட்டும் வசதி உண்டு. ஆனால் அதைப் பிள்ளைகள் படம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் கையால் தொட்டு, அளந்து, தாங்களே கேள்வி கேட்கும்படியான ஒரு தொடக்கம் வேண்டும். பேருந்தில் வரும் பிள்ளைகள் பலர் இருப்பதால், மாலையில் நிறுத்திவைத்து வானம் காட்ட இயலாது. பகல் பத்தரை மணிக்கு, ஓட்டுக் கட்டட வகுப்பறையில், விண்மீனை எப்படி அறிமுகம் செய்வது? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி

அம்மா, உங்கள் மாணவி சொன்ன பதிலிலேயே நீங்கள் தொடங்க வேண்டிய இடம் இருக்கிறது. பகல் பத்தரை மணிக்கு வகுப்பறையிலிருந்து பார்க்கக்கூடிய விண்மீன் ஒன்றே ஒன்று உண்டு. அதைச் சுவரில் கொண்டுவந்து காட்டிவிடலாம்.

முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் தடித்த காகிதத்தை ஒட்டி, நடுவில் அரை சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுரத் துளை வெட்டுங்கள். வட்டமாக வெட்டிவிடாதீர்கள், சதுரமாக இருப்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கண்ணாடியை வெளியே வெயிலில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, களிமண் உருண்டையால் சாய்வை நிலைநிறுத்தி, ஒளி வாசல் வழியாக உள்ளே விழும்படி செய்யுங்கள். முதலில் ஒரு வெள்ளைத்தாளைக் கண்ணாடிக்கு ஒரு சாண் தொலைவில் பிடித்தால், துளையைப் போலவே சதுரமான ஒளித்துண்டு விழும். பிறகு தாளை மெல்லப் பின்னுக்குக் கொண்டு போங்கள். முனைகள் மழுங்கிக்கொண்டே வந்து, பத்து மீட்டர் தள்ளியுள்ள சுவரை அடையும்போது அது உள்ளங்கை அகலத்தில் நல்ல வட்டமாக நிற்கும். "துளை சதுரம், ஒளி ஏன் வட்டம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருந்துவிடுங்கள். என் அனுபவத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு பிள்ளை "அது சூரியனோட உருவம்" என்று சொல்லிவிடும். மெல்லிய மேகம் கடந்தால் அந்த வட்டத்தின் குறுக்கே அது நகர்வதும் தெரியும். வட்டம் சுவரில் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை; ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். சுண்ணக்கட்டியால் அதன் விளிம்பை வரையச் சொல்லுங்கள். வரைந்த கோட்டை விட்டு வட்டம் விலகுவதைப் பார்த்துப் பூமி சுழல்வதை அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

அடுத்து அளவு. கண்ணாடியிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தையும் வட்டத்தின் அகலத்தையும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள விகிதமே சூரியனின் தொலைவுக்கும் அதன் விட்டத்துக்கும் உள்ள விகிதம். தொலைவு 15 கோடி கிலோமீட்டர் என்பதை நீங்கள் சொல்லிவிடலாம். விட்டத்தை அவர்கள் கணக்கிட்டுக்கொள்வார்கள்.

கண்டிப்பான எச்சரிக்கை ஒன்று: எந்தப் பிள்ளையும் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, ஒளி வரும் வழியில் முகத்தை நீட்டவும் கூடாது. பார்வை எப்போதும் சுவரில்தான் இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் நீங்களோ மற்றோர் ஆசிரியரோ நிற்பது அவசியம்.

இதன் பிறகு, "இந்த நெருப்புக் கோளத்தைத் தூரத் தூரத் தள்ளிக்கொண்டே போனால் எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு; சூரியனை 32 ஒளியாண்டுத் தொலைவுக்குக் கொண்டுபோய் வைத்தால், விளக்கொளி இல்லாத ஊரிலும் கூர்ந்து தேடினால்தான் கண்ணுக்குப் புலப்படும். அந்த இடத்தில் "சூரியன் ஒரு விண்மீன்" என்ற வாக்கியத்தை நீங்கள் எழுத வேண்டியதில்லை, பிள்ளைகளே சொல்வார்கள். விண்மீன் ஒன்றைப் பகலிலேயே ஆராய்கிற இடம் நம் மாநிலத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901 முதல் அந்த வேலையைச் செய்துவருகிறது.

மறுமொழி: தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, ஈரோடு மாவட்டம்

ஐயா சொன்ன செய்முறை அருமையானது. அதற்கு முந்தைய நாள் மாலையில் வீட்டில் செய்ய ஒரு வேலை கொடுத்து அனுப்பலாம் என்பது என் எண்ணம். பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைக்கத்தான் இயலாது. வானம் அவர்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறதே.

தை மாதத்து முன்னிரவு வானம் நமக்குக் கிடைத்த கொடை. இரவு எட்டு மணியளவில் வெளியே வந்தால் உச்சியை ஒட்டிக் கார்த்திகைக் கூட்டமும், அதற்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக ரோகிணியும், கிழக்கில் சற்றுச் சரிந்து சிவந்த திருவாதிரையும், கீழே தென்கிழக்கில் எல்லாவற்றையும் விட ஒளிமிக்க சிரியஸும், வடகிழக்கில் இரட்டையாகப் புனர்பூசமும் ஒரே நேரத்தில் தெரியும். திருவாதிரை, சிரியஸ் இரண்டோடும் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணமாக நிற்பது புரோசியான். இந்த வானத்தில் ஒரு வீட்டின் எல்லா வயதினரும் இருக்கிறார்கள். சிரியஸின் ஒளி நம்மிடம் வர 8.6 ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி பிறந்த சமயத்தில் கிளம்பிய ஒளி அது. புரோசியான் 11.5 ஒளியாண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், "நீ குப்புறக் கவிழப் பழகிய நாளில் அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம் இன்று ராத்திரி உன் கண்ணுக்குள் வந்து சேர்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். புனர்பூசத்தின் இரண்டில் பொலிவான போலக்ஸ் 34 ஒளியாண்டு, அது அம்மாவின் வயது. மற்றொன்றான காஸ்டர் ஏறக்குறைய 50. ரோகிணி 65, அது பாட்டிக்கு. கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய 440 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அந்த ஒளி கிளம்பியபோது உங்கள் தஞ்சையை நாயக்கர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்.

நான் இப்படிச் செய்த ஆண்டில், ஒரு பையன் மறுநாள் காலையில் மணி அடிக்கும் முன்பே என் மேசைக்கு வந்து நின்றான். ரோகிணியைக் காட்டி "உன் வயசு வெளிச்சம்" என்று சொன்னதும் அவன் அப்பாயி கயிற்றுக் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த மீன்களையெல்லாம் அவனுக்குக் காட்டத் தொடங்கிவிட்டாராம். அவர் சொன்ன பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டுகிறேன். ரோகிணி, திருவாதிரை என்று சொன்னதும் சில பிள்ளைகள் "என் நட்சத்திரம்" என்று ஜாதகத்தின் பக்கம் போவார்கள். அந்த வழக்கம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்கள். ஆகவே பிறந்த நட்சத்திரத்தை யாரிடமும் கேட்காமல், ஒளி பயணம் செய்த ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் 31 பேருக்கும் வானத்தில் சம உரிமை கிடைக்கும். பெயர்களை நம் முன்னோர் வானத்தைப் பார்த்து வைத்தார்கள் என்ற அளவில் சொல்லலாம். நகராமல் தம்முள் ஒரே அமைப்பில் நிற்பவற்றை நாள்மீன் என்றும், அவற்றினூடே இடம் மாறுபவற்றைக் கோள்மீன் என்றும் பிரித்துச் சொன்ன மொழி நம்முடையது. உங்கள் மாணவி குழம்பிய அதே வேறுபாடுதான் அது.

மறுமொழி: வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர், மதுரை

விண்மீன்களின் நிறத்தையும் முதல் வகுப்பிலேயே தொட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சிவப்பு என்றால் மிகுந்த சூடு, நீலம் என்றால் குளிர்ச்சி என்றுதான் பிள்ளைகள் நம்புகிறார்கள். வெந்நீர்க் குழாயில் சிவப்புக் குறியும் தண்ணீர்க் குழாயில் நீலக் குறியும் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? வானத்தில் இது தலைகீழ் என்று தெரியும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பழைய குண்டு பல்பு ஒன்றை ஃபேன் ரெகுலேட்டருடன் இணைத்து, வகுப்பறையை இருட்டாக்கிவிட்டு, மெல்ல மெல்லக் கூட்டிக் காட்டுங்கள். முதலில் இழை மங்கிய செந்நிறத்தில் கண் விழிக்கும், பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள் கலந்த வெண்மை. எந்த நிலையில் சூடு அதிகம் என்று பிள்ளைகள் பல்புக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தே சொல்லிவிடுவார்கள். அதன்பின் திருவாதிரையின் சிவப்பையும் ரைகல் என்ற விண்மீனின் நீலம் தோய்ந்த வெண்மையையும் பற்றிக் கேட்டால் பதில் தானாக வரும். இன்னும் எளிதாக வேண்டும் என்றால் சமையலறை காஸ் அடுப்பையும் மெழுகுவத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம்: நீலச் சுடரில் சூடு அதிகம், மஞ்சள் சுடரில் குறைவு.

மறுமொழி: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி

பயிற்றுநர் அவர்கள் சொன்ன பல்புச் செய்முறையை நான் முழு மனத்துடன் வழிமொழிகிறேன். ஆனால் காஸ் அடுப்பு உவமையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பல நல்ல ஆசிரியர்களே அதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முடிவு சரியாக வந்துவிடுவதால் காரணம் தவறு என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அடுப்புச் சுடரின் நீலம் வெப்பநிலையால் வந்த நிறமன்று. எரியும்போது உருவாகும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுத் துண்டுகள் தமக்கே உரிய நீல ஒளியை உமிழ்கின்றன. காற்றில் எரியும் அந்தச் சுடரின் வெப்பநிலை ஏறக்குறைய 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. முழு ஒளியில் எரியும் குண்டு பல்பின் இழையோ ஏறக்குறைய 2,400 டிகிரியில் இருக்கிறது. நிறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அடுப்பு பல்பை விடச் சூடாக அல்லவா இருக்க வேண்டும்? கூர்மையான பிள்ளை ஒன்று இதைக் கேட்டுவிட்டால் பாடம் அங்கேயே தடுமாறிவிடும். கொல்லுப்பட்டறையில் காய்ச்சிய இரும்பு சரியான உவமை; மெழுகுவத்தியின் மஞ்சளும் சரிதான், ஏனென்றால் அது சூடேறிய கரித்துகள்கள் ஒளிர்வதால் வருவது.

பல்பிலும் ஒரு நுட்பம் உண்டு. எவ்வளவு கூட்டினாலும் அது நீலமாகாது. திருவாதிரையின் மேற்பரப்பே ஏறக்குறைய 3,300 டிகிரி, சூரியன் 5,500, ரைகல் ஏறக்குறைய 12,000. வானத்தில் நாம் சிவப்பாகக் காணும் திருவாதிரை, கண்ணைக் கூசவைக்கும் பல்பு இழையை விடச் சூடானது. "இந்த இழை உருகாமல் இன்னும் சூடேற்ற முடிந்தால் அடுத்து என்ன நிறம் வரும்?" என்ற கேள்வியோடு பல்பை அணைத்துவிடுங்கள். மின் இணைப்பை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கதை ஒன்றும் கைவசம் இருக்கட்டும். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் ஜான்சன் ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்து, சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். அதே ஆண்டில் அந்த ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறியப்பட்ட எந்தப் பொருளுக்கும் பொருந்தவில்லை என்று தெரிந்தது. சூரியனின் கிரேக்கப் பெயரால் அதை ஹீலியம் என்று அழைத்தார்கள். பூமியில் அது பிரித்தெடுக்கப்பட்டது 1895இல்தான். பலூன் கடைக்காரரிடம் இருக்கிற வாயுவை முதலில் ஒரு விண்மீனில் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

மறுமொழி: கணித ஆசிரியர், கும்பகோணம்

தொலைவுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஒரு கடுகைச் சூரியனாக வைத்துக்கொண்டால் பூமி அதிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கண்ணுக்கே தெரியாத தூசியாக இருக்கும். நெப்டியூன் நாலரை மீட்டரில் வந்துவிடும், வகுப்பறைக்குள்ளேயே. அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி இன்னொரு கடுகு, இதை விடச் சிறியது. அது இருக்குமிடம் 40 கிலோமீட்டருக்கு அப்பால். தஞ்சாவூரில் ஒரு கடுகு, கும்பகோணத்தில் ஒரு கடுகு, இடையில் வேறு விண்மீனே இல்லை. உங்கள் பிள்ளைகள் அந்தச் சாலையில் பேருந்தில் வந்திருப்பார்கள் என்பதால் இது நன்றாகப் பதியும். திருவாதிரையை இதே அளவில் செய்தால் ஒரு மீட்டர் அகலம், கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு வரும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

முந்தைய நாள் வானம் பார்க்கச் சொல்லி, தலைமையாசிரியை அம்மா தந்த ஐந்து விண்மீன்களையும் ஆண்டுக் கணக்கோடு ஒரு துண்டுத்தாளில் வரைந்து கொடுத்து அனுப்பினேன். மறுநாள் 19 பேர் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அதன்பின் கண்ணாடி. சதுர ஒளி வட்டமானபோது வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. துளையை நான் ரகசியமாக மாற்றிவிட்டேன் என்று சந்தேகப்பட்ட ஒருவனை அழைத்துக் காகிதத்தைச் சோதிக்கச் சொன்னேன். சுவர் வரை தூரம் 10.8 மீட்டர், வட்டம் 10.5 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சத்து 58 ஆயிரம் கிலோமீட்டர் என்று வந்தது. பாடநூலில் உள்ள அளவை விட இது அதிகமாயிற்றே என்று நான் தயங்கியபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "துளையோட அகலமும் அதுல சேர்ந்திருக்குமோ டீச்சர்?" என்றாள். அரை சென்டிமீட்டரைக் கழித்துப் போட்டோம். 13 லட்சத்து 89 ஆயிரம் வந்தது.

பல்புக்கும் கடுகுக்கும் அடுத்த இரண்டு வகுப்புகள் ஆயின. நிறம் பற்றிய கேள்விகளை அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது ஒரு கேள்வியில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதே மாணவி கேட்கிறாள்: சூரியன் விண்மீன்தான் என்றால், ராத்திரியில் கண்ணாடி வைத்து மற்ற விண்மீன்களின் வட்டத்தையும் சுவரில் பிடிக்கலாமா? ஐயா, அவளுக்கு என்ன சொல்வது?

மறுமொழி: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி

அந்தக் குழந்தைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், அம்மா. துளையின் அகலத்தைக் கழிக்க வேண்டும் என்று நான் எழுத மறந்திருந்தேன், அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

அவளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். சூரியனுக்கு 10 சென்டிமீட்டர் வட்டம் கிடைக்கச் சுவர் 10.8 மீட்டரில் இருந்தால் போதும். திருவாதிரைக்கு அதே அளவு வட்டம் வேண்டுமென்றால் சுவரை ஏறக்குறைய 440 கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கண்ணாடியைச் சென்னையில் வைத்துவிட்டு மதுரையை நெருங்கிச் சுவர் எழுப்புவது போல. சிரியஸுக்கு ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர்; நம் நாட்டின் வடக்கு தெற்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரத்தில் ஒளி பரந்து மங்கி, சுவரில் ஒன்றுமே தெரியாது. ஆகையால் கண்ணாடியாலும் துளையாலும் அது ஆகாது.

ஆனால் வேறு வழியில் அதைச் செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1920 டிசம்பரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் மைக்கல்சன், பீஸ் என்ற இருவர், 100 அங்குலத் தொலைநோக்கியின் முகப்பில் நீண்ட இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் தள்ளித் தள்ளி வைத்த கண்ணாடிகளால் ஒரு விண்மீனின் ஒளியைப் பிடித்து ஒன்றுசேர்த்து, அதன் விட்டத்தை அளந்தார்கள். சூரியனுக்கு அடுத்தபடியாக மனிதர் விட்டம் அளந்த முதல் விண்மீன் அது. உங்கள் பிள்ளைகள் அன்று வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்த திருவாதிரைதான்.